மாமாவின் கேரட் மிஷினும் சராசரி லாபக் கணக்கும்

கேரட் கழுவும் மிஷின் ஒன்று போட வேண்டும் என்று எங்கள் மாமா கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டார். மிஷின் விற்பவர் கொடுத்த காகிதத்தில் வருஷத்துக்கு 42 சதவீத லாபம் என்று போட்டிருந்தது. அதே மிஷினுக்கு நான் கணக்குப் போட்டபோது ஒரு முறையில் 30 வந்தது, இன்னொரு முறையில் 17, வேறொரு முறையில் 21. கடைசியில் ஒரே ஒரு செலவைச் சேர்த்ததும் 7-க்கும் கீழே இறங்கியது. இதில் எங்கேயும் கூட்டல் கழித்தல் தப்பில்லை. எல்லாமே சராசரி லாப விகிதம் என்ற ஒரே பெயரில் சொல்லப்படுகிற எண்கள்தான். பணம் போடுவதற்கு முன்னால், அந்த எண் எதைக் கழித்து, எதால் வகுத்து வந்தது என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் எங்கள் வீட்டுக் கணக்கை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

நான் ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.காம். முடித்துவிட்டு, இங்கேயே சின்னக் கடைகளுக்கும் விவசாயிகளுக்கும் கணக்கு எழுதித் தருகிறேன். மாமா கேத்தி பாலாடா பக்கம் குத்தகை நிலத்தில் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் போடுகிறவர். மலைக்காய்கறித் தொழில் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிடுங்கிய கேரட்டை மண்ணோடு மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்ப முடியாது. கழுவி, தரம் பிரித்து, மூட்டை கட்டித்தான் வண்டியில் ஏற்ற வேண்டும். முன்பெல்லாம் ஆட்களே தண்ணீரில் போட்டுக் கழுவினார்கள். இப்போது சுழலும் பெரிய டிரம்முக்குள் கொட்டி, தண்ணீரைப் பீய்ச்சியடித்துக் கழுவுகிற மிஷின்கள் வந்துவிட்டன. காலையில் மண்டியில் சரக்கு இருக்க வேண்டும் என்பதால் பிடுங்குவதும் கழுவுவதும் பெரும்பாலும் இருட்டிலேயே நடக்கும். மிஷின் வைத்திருப்பவர் மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொள்வார். போகத்துக்குப் போகம் அந்தக் கூலியைக் கொடுத்துக் கொடுத்து, "நாமளே ஒண்ணு போட்டா என்ன பாப்பா?" என்று மாமா கேட்க ஆரம்பித்தார்.

மிஷின், மோட்டார், அதை மலைக்கு ஏற்றிக் கொண்டுவரும் வாடகை, சிமென்ட் தளம், தகரக் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி, குழாய், மின் இணைப்பு எல்லாம் சேர்த்து 12 லட்சம் ரூபாய் ஆகும் என்று தெரிந்தது. கணக்கு பிடிபட வேண்டும் என்பதற்காக எண்களை முழுசாக்கித்தான் தருகிறேன். மிஷின் விலையை மட்டும் முதலீடு என்று எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது கூடாது. தொழில் ஓட ஆரம்பிக்கும் வரை கைவிட்டுப் போகிற அத்தனையும் முதலீடுதான்.

விற்பவர் 42 சதவீதத்துக்கு எப்படி வந்தார்? நன்றாக ஓடுகிற ஒரு வருஷத்தில் டீசல், மின்சாரம், ஆள்கூலி, இடவாடகை போகக் கையில் 5 லட்சம் நிற்கும். அதை 12 லட்சத்தால் வகுத்தால் 41.7. அவ்வளவுதான். 5 லட்சம் நிற்கிற வருஷமும் வரத்தான் செய்யும். ஆனால் அந்த ஒரு வருஷத்தை எல்லா வருஷத்துக்கும் அளவாக வைத்திருந்தார். அதோடு, மிஷின் தேய்ந்து போவதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

சராசரி லாப விகிதம் என்றால், அந்த முதலீடு உழைக்கிற மொத்தக் காலத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலம் முழுவதும் வரும் லாபத்தைக் கூட்டி, வருஷங்களால் வகுத்து, ஒரு வருஷத்துச் சராசரி லாபத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அதை முதலீட்டால் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும். கையில் நின்ற பணத்திலிருந்து தேய்மானத்தையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் இங்கே லாபம். வருமான வரி கட்டுகிற அளவுக்கு வரவு இருந்தால் வரியையும் கழிக்க வேண்டும். மாமாவுக்கு அந்தத் தொல்லை இல்லை.

சரி, எத்தனை வருஷம்? பக்கத்தில் மிஷின் ஓட்டுகிற இரண்டு பேரிடம் போய் உட்கார்ந்து கேட்டோம். இந்த ஈரத்தில் தகடு துருப்பிடிக்கிறது, பேரிங் போகிறது, பெல்ட் மாற்ற வேண்டியிருக்கிறது. ஆறு வருஷத்துக்கு மேல் பெரிய செலவில்லாமல் ஓடாது என்று இருவருமே சொன்னார்கள். அதன் பிறகு பழைய இரும்பாகவும் மோட்டாராகவும் விற்றால் ஒன்றரை லட்சம் வரும். அவர்களுடைய மூட்டைக் கணக்கு நோட்டையும் காட்டினார்கள். அந்த நோட்டுதான் என்னைப் பொறுத்தவரை மொத்தக் கணக்கிலும் மதிப்புள்ள பொருள். மற்றதெல்லாம் அனுமானம், அது ஒன்றுதான் நடந்தது.

அதை வைத்து வருஷவாரியாகக் கையில் நிற்கும் பணத்தை எழுதினோம். முதல் வருஷம் ஆட்கள் பழக வேண்டும், 3 லட்சம். இரண்டாம் வருஷம் 4.5 லட்சம். மூன்றாம் வருஷம் 5 லட்சம். நான்காம் வருஷத்துக்கு 2 லட்சம் என்று எழுதச் சொன்னேன். மாமா முகம் சுளித்தார். "மழை அதிகமாகி அழுகிப்போற வருஷம் வராதா மாமா? விலை விழுந்து, அடுத்த போகத்துல எல்லாரும் பூண்டு போடப் போற வருஷம் வராதா?" என்று கேட்டதும் ஒத்துக்கொண்டார். ஐந்தாம் வருஷம் 4.5 லட்சம். ஆறாம் வருஷம் ரிப்பேர் கூடும் என்பதால் 3.5 லட்சம். மொத்தம் 22.5 லட்சம்.

இப்போது தேய்மானம். 12 லட்சத்துக்கு வாங்கியது கடைசியில் ஒன்றரை லட்சத்துக்குப் போகிறது. இடையில் கரைந்தது 10.5 லட்சம். 22.5-இல் அதைக் கழித்தால் ஆறு வருஷத்து மொத்த லாபம் 12 லட்சம். வருஷத்துக்கு 2 லட்சம். போட்ட 12 லட்சத்தால் வகுத்தால் 16.67 சதவீதம். 42 என்று ஆரம்பித்த எண் இங்கேயே பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

இதையே சராசரி முதலீட்டால் வகுக்கிற வழக்கமும் உண்டு. பாடப்புத்தகங்களில் இரண்டுமே இருக்கும். வருஷா வருஷம் தேய்மானத்துக்கு ஈடான பணம் நம் கைக்குத் திரும்பி வந்துகொண்டே இருப்பதால், ஆறு வருஷமும் 12 லட்சம் முழுசாகத் தொழிலில் மாட்டிக்கொண்டு இருப்பதில்லை என்பது இதற்குக் காரணம். ஆரம்ப மதிப்பையும் கடைசி மதிப்பையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும். 12-உம் 1.5-உம் சேர்ந்தால் 13.5, பாதி 6.75 லட்சம். 2 லட்சத்தை அதால் வகுத்தால் 29.6 சதவீதம். இந்த இடத்தில் பலர் கூட்டுவதற்குப் பதில் கழித்துவிடுகிறார்கள். 12-இல் 1.5 போக 10.5, அதில் பாதி 5.25 என்று வைத்து 38 சதவீதம் என்று பெரிதாகக் காட்டிவிடுவார்கள். கடைசி மதிப்பான ஒன்றரை லட்சம், மிஷினை விற்கிற நாள் வரைக்கும் முழுசாக உள்ளே மாட்டியிருக்கிற பணம். அதனால் அதைக் கூட்டத்தான் வேண்டும்.

இரண்டில் எது சரி என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். இரண்டும் சரிதான், ஆனால் ஒரு திட்டத்துக்கு ஒரு முறையும் இன்னொன்றுக்கு வேறு முறையும் போட்டு ஒப்பிட்டால் மொத்தமும் பாழ். யாராவது சதவீதம் சொன்னால், "எதால வகுத்தீங்க?" என்று உடனே கேட்டுவிடுங்கள்.

21 சதவீதம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வருமான வரிக்கு இயந்திரங்களுக்குப் பொதுவாக 15 சதவீதம், அதுவும் குறைந்து செல் மதிப்பு முறையில் தேய்மானம் எழுதுவார்கள். ஒவ்வொரு வருஷமும் மீதி இருக்கிற மதிப்பில்தான் 15 சதவீதம் என்பதால் தொகை இறங்கிக்கொண்டே வரும். 12 லட்சம் முழுவதையும் அப்படி எழுதினால் ஆறு வருஷத்தில் சுமார் 7.5 லட்சம்தான் கழியும். அப்போது சராசரி லாபம் ஏறக்குறைய 2.5 லட்சம், விகிதம் 20.9. காகிதத்தில் மிஷினுக்கு இன்னும் 4.5 லட்சம் மதிப்பு நிற்கும், ஆனால் பழைய இரும்புக்காரர் ஒன்றரை லட்சத்துக்கு மேல் தர மாட்டார். வரிக்கணக்கு வரிக்கு. முடிவெடுக்கிற கணக்கில் அந்தப் பொருள் உண்மையில் எவ்வளவு வருஷம் உழைக்கும், உண்மையில் எவ்வளவுக்குப் போகும் என்பதைத்தான் எழுத வேண்டும்.

மாமாவிடம் இன்னொரு யோசனையும் இருந்தது. மிஷின் வேண்டாம், ஒரு பிக்கப் வண்டி வாங்கி அக்கம்பக்கத்துக் காய்களை மேட்டுப்பாளையத்துக்கு வாடகைக்கு ஏற்றலாம் என்பது அது. ஒரு வருஷம் ஓடிய வண்டி, பாடி வேலை, பெயர் மாற்றம் எல்லாம் சேர்த்து 8 லட்சம். ஐந்து வருஷம் ஓட்டிவிட்டு விற்றால் 3 லட்சம். டீசல், டிரைவர் சம்பளம், டயர், இன்சூரன்ஸ், எஃப்.சி. என்கிற வண்டித் தகுதிச் சான்று போகக் கையில் நிற்பது முறையே 2.6, 2.5, 2.3, 1.8, 1.3 லட்சம். மலைப்பாதையில் பிரேக்கும் டயரும் சமவெளி வண்டிகளைவிடச் சீக்கிரம் தேயும் என்பதால் பின்வருஷங்களைக் குறைத்தே எழுதினோம். மொத்தம் 10.5 லட்சம். தேய்மானம் 5 லட்சம் போக 5.5 லட்சம். வருஷச் சராசரி 1.1 லட்சம். முழு முதலீட்டில் 13.75 சதவீதம், சராசரி முதலீட்டில் சரியாக 20.

மிஷின் 16.67, வண்டி 13.75. மிஷின்தான் மேல் என்று மாமா எழுந்தேவிட்டார்.

எனக்கு மட்டும் டிரைவர் சம்பளம் என்ற வரி உறுத்தியது. வண்டியை மாமாவுக்கு ஓட்டத் தெரியாது, அதனால் ஆள் வைக்க வேண்டும் என்று சம்பளம் எழுதியிருந்தோம். மிஷினில் மாமாவும் அத்தையும் இரவெல்லாம் நிற்கப் போகிறார்கள். கேரட்டைக் கொட்டுவது, பிரிப்பது, மூட்டை தைப்பது, கணக்கு எழுதுவது எல்லாம் அவர்கள்தான். அதற்கு ஒரு ரூபாய்கூட எழுதவில்லை. வெளி ஆளுக்குக் கொடுக்கும் கூலியை மட்டும் கழித்திருந்தோம். நான் கேட்டேன், "உங்க ரெண்டு பேர் கூலி எங்க மாமா?" அவர், "நம்ம வேலைக்கு நாமளே கூலி போட்டுக்குவோமா?" என்றார்.

போட்டுக்கொள்ளத்தான் வேண்டும். குடும்பத் தொழில்களுக்குச் சராசரி லாப விகிதம் போடும்போது நான் பார்த்தவரையில் எல்லாரும் வழுக்குகிற இடம் இதுதான். இரண்டு பேருக்கும் சேர்த்து ஓர் இரவுக்கு 600 ரூபாய் என்று குறைவாகவே வைத்தோம். வருஷத்தில் 200 இரவு வேலை என்றால் 1,20,000 ரூபாய். சராசரி லாபம் 2 லட்சத்திலிருந்து 80,000-க்கு இறங்கியது. 12 லட்சத்தால் வகுத்தால் 6.67 சதவீதம். சராசரி முதலீட்டில் 11.85. இரண்டுக்கும் ஒரே விதியைப் போட்டதும் வரிசையே மாறிவிட்டது.

மாமா விடவில்லை. "அந்தக் கூலி வேற எங்கேயும் போகலையே, நம்ம வீட்டுக்குத்தானே வருது?" என்றார். நியாயமான கேள்வி இது, தட்டிக்கழிக்கக் கூடாது. அந்த 1,20,000 வீட்டுக்கு வருமானம்தான். ஆனால் அது உழைப்புக்குக் கிடைக்கிற வருமானம், 12 லட்சத்துக்குக் கிடைக்கிற வருமானம் இல்லை. அதே இரண்டு பேர் பக்கத்து மிஷினில் போய் அதே இரவு வேலை செய்தாலும் அதே கூலி கிடைக்கும். அதற்கு 12 லட்சம் போட வேண்டியதில்லை, கடன் வாங்க வேண்டியதில்லை. வேறு வேலையே கிடைக்காத ஒருவருக்கு, சொந்த மிஷின் ஒன்றுதான் வேலைக்கு வழி என்றால், நான் இவ்வளவு கறாராகக் கழிக்கச் சொல்ல மாட்டேன். மாமாவுக்கு அப்படி இல்லை. பகலெல்லாம் தோட்டத்தில் நிற்கிறார். அத்தைக்கு முழங்கால் வலி. டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் இரவு முழுக்க ஈரத்தில் நிற்பதை ஒரு எண்ணாகக்கூட எழுதாமல் விட்டுவிட்டு அதற்கு லாபம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து வட்டி. கையில் 4 லட்சம் இருந்தது, மீதி 8 லட்சம் கடன். 11 சதவீத வட்டி, ஐந்து வருஷத் தவணை என்றால் மாதம் சுமார் 17,400 ரூபாய் கட்ட வேண்டும். இரண்டு திட்டங்களை ஒப்பிடும்போது நான் வட்டியை லாபத்தில் கழிப்பதில்லை. கழிக்காமல் விகிதத்தைக் கண்டுபிடித்து, பிறகு அதை வட்டி விகிதத்தோடு வைத்துப் பார்ப்பேன். இரண்டையும் செய்தால் ஒரே செலவை இரண்டு முறை கழித்ததாகிவிடும்.

அப்படி ஒப்பிடுவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வங்கி சொல்கிற 11 சதவீதம், குறைந்துகொண்டே வரும் கடன் பாக்கியின் மேல் போடுகிற வட்டி. ஐந்து வருஷத்தில் மொத்த வட்டி சுமார் 2,44,000 ரூபாய்தான். அதை ஐந்தால் வகுத்து, ஆரம்பக் கடனான 8 லட்சத்தோடு ஒப்பிட்டால் 6.1 சதவீதம் வரும். வண்டிக் கடன் தருகிறவர்கள் ஃப்ளாட் ரேட் என்று சொல்வது இந்த இரண்டாவது எண்ணைத்தான். அதனால் முழு முதலீட்டால் வகுத்த லாப விகிதத்தை ஃப்ளாட் வட்டியோடும், சராசரி முதலீட்டால் வகுத்ததைக் குறையும் பாக்கி வட்டியோடும் வைத்துப் பார்ப்பதுதான் ஓரளவு பொருந்தும். மிஷினுக்கு 6.67-க்கு எதிரே 6.1, அல்லது 11.85-க்கு எதிரே 11. எப்படிப் பார்த்தாலும் வட்டியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. வண்டிக்கு 13.75-க்கு எதிரே 6.1, 20-க்கு எதிரே 11. இதை ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதிக் காட்டியதும் மாமா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வட்டியைக் குறைக்க வழி இருந்தால் அதையும் பார்க்கத்தான் வேண்டும். 2020-இல் வந்த மத்திய அரசின் வேளாண் உள்கட்டமைப்பு நிதித் திட்டத்தில், அறுவடைக்குப் பிந்தைய கட்டமைப்புக்கு வாங்கும் கடனில் 2 கோடி ரூபாய் வரை 3 சதவீத வட்டிச் சலுகை ஏழு வருஷம் வரை என்று அறிவித்திருந்தார்கள். இது கடனின் விலையைக் குறைக்கும், மிஷினின் லாப விகிதத்தை உயர்த்தாது. சலுகையையும் மானியத்தையும் கையில் வருவதற்கு முன்பே முதலீட்டில் கழித்துவிட்டு விகிதத்தை உயர்த்திக் காட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், இந்த விகிதம் ஒரு விஷயத்தைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. பணம் எந்த வருஷம் வருகிறது என்பதுதான் அது. மிஷினின் ஆறு வருஷ வரவை வரிசை மாற்றி 2, 3, 3.5, 4.5, 4.5, 5 என்று எழுதிப் பாருங்கள். மொத்தம் அதே 22.5, விகிதம் அதே 16.67. ஆனால் முதல் வருஷமே மோசமான வருஷம். வருஷத் தவணை 2,09,000 ரூபாய், கையில் வருவது 2 லட்சம். தவணைக்கே 9,000 ரூபாய் துண்டு விழும், வீட்டுச் செலவுக்கு ஒன்றும் இருக்காது. மூன்று நல்ல வருஷத்துக்குப் பிறகு வரும் மோசமான வருஷத்தைச் சேமிப்பை வைத்துத் தாண்டிவிடலாம். முதலிலேயே வந்தால் நகைதான் அடகுக்குப் போகும். பின்னால் வரும் பணம் இன்று கையில் இருக்கும் பணத்தைவிட மதிப்புக் குறைவு என்பதால், வருங்காலப் பணத்தை வருஷத்துக்கு 12 சதவீதம் தள்ளி இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து பார்த்தேன். கடைசியில் மிஷினை விற்று வரும் ஒன்றரை லட்சத்தையும் சேர்த்து முதல் வரிசைக்கு 16.18 லட்சம், மாற்றிய வரிசைக்கு 15.37 லட்சம். விகிதம் ஒன்றே என்றாலும் சுமார் 80,000 ரூபாய் வித்தியாசம்.

அதனால் இந்தக் கணக்கோடு கூடவே, போட்ட பணம் எப்போது திரும்பும் என்பதையும் எழுதிவிடுவேன். சொந்தக் கூலி கழிக்காத கணக்கில் மிஷினுக்கு மூன்று வருஷம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால். கூலி கழித்தால் நான்கு வருஷம் தாண்டி ஐந்தாம் வருஷத்துக்குள் போய்விடுகிறது. வண்டிக்கு மூன்று வருஷம் நான்கு மாதம். அப்புறம் ஒவ்வொரு வருஷ வரவுக்கும் எதிரே அந்த வருஷத் தவணையை எழுதி, எந்த வருஷம் துண்டு விழுகிறது என்று பார்ப்பேன். தவணை கட்டுகிற குடும்பத்துக்கு அந்த வரிசை, சதவீதத்தைவிட முக்கியம்.

தேயிலைக்காரர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பழைய செடியைப் பிடுங்கி மறுநடவு செய்தால் மூன்று நான்கு வருஷம் சொல்லிக்கொள்கிற மாதிரி இலை வராது. அப்புறம் பல வருஷம் வரும். முப்பது வருஷத்துக்குச் சராசரி போட்டால் விகிதம் அழகாகத்தான் இருக்கும். இலையே வராத அந்த முதல் வருஷங்களில் சாப்பாட்டுக்கு என்ன வழி என்பதை அந்தச் சராசரி சொல்லாது.

எந்த வருஷங்களை வைத்து வரவை மதிப்பிடுகிறோம் என்பதும் பெரிய விஷயம். கொடைக்கானலில் ஹோம்ஸ்டே கட்ட நினைத்த உறவுக்காரர் ஒருவர், பழைய சீசன்களில் பக்கத்து வீட்டுக்கு எத்தனை அறை நிரம்பியது என்பதை வைத்துக் கணக்குப் போட்டிருந்தார். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் வருகிறவர்கள் முன்கூட்டியே வாங்க வேண்டிய இ-பாஸ் வந்துவிட்டது. 2025 சீசனில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 என்று வண்டிகளுக்கு எண்ணிக்கை வரம்பும் வந்தது. நிபந்தனைகள் மாறிய பிறகு பழைய சீசன்களின் சராசரியை அப்படியே நீட்ட முடியாது. ஏப்ரல், மே வரவை மட்டும் கால் பங்கு குறைத்து இன்னொரு முறை போட்டுப் பாருங்கள் என்றேன். ஒரு அறையைக் குறைத்துக் கட்ட முடிவு செய்தார். எந்தத் திட்டமானாலும் ஒரு கணக்கோடு நிறுத்தாமல், வரவு கால் பங்கு குறைந்தால் என்ன என்று இரண்டாவது கணக்கும் போட்டுவிடுவது நல்லது. மாமாவின் மிஷினுக்கு அப்படிப் போட்டால், சொந்தக் கூலியைக் கழித்த பிறகு லாபமே நஷ்டமாகிவிடுகிறது. 22.5 லட்சத்தில் கால் பங்கு போனால் ஏறக்குறைய 16.9. அதில் கூலி 7.2, தேய்மானம் 10.5, மொத்தம் 17.7 கழிய வேண்டும்.

கடைசியில் மாமா வண்டி வாங்கினார். சதவீதம் மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். வண்டியை வேண்டாம் என்றால் விற்றுவிடலாம், சிமென்ட் தளத்தையும் கொட்டகையையும் அப்படி விற்க முடியாது, அதுவும் குத்தகை இடத்தில். அத்தைதான் இதை முதலில் சொன்னார். எனக்கு அந்த ஒரு வாக்கியம் என்னுடைய மொத்தத் தாளுக்கும் ஈடாகப் பட்டது.

வண்டி ஓட ஆரம்பித்ததிலிருந்து ஒரு நோட்டில் இரண்டு பத்தியாக எழுதுகிறோம். இடப்பக்கம் நாங்கள் மதிப்பிட்டது, வலப்பக்கம் நடந்தது. வாடகை வரவு கிட்டத்தட்ட நினைத்தபடிதான் வருகிறது. மழைக்காலத்தில் மண் சரிந்து குன்னூர் பாதையை மூடினால் கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டியிருப்பதால் டீசல் மட்டும் கூடுதலாகப் போகிறது. திரும்பி வரும்போது வண்டி காலியாக வராமல் உரமும் தீவனமும் ஏற்றி வருவது நாங்கள் எழுதாத வரவு. டயருக்கு வருஷத்துக்கு ஒதுக்கிய தொகை போதவில்லை, அதை அடுத்த வருஷங்களுக்கும் உயர்த்தி எழுதி விகிதத்தைத் திரும்பப் போட்டோம். 13.75 என்பது 12-க்குக் கொஞ்சம் மேலே வந்து நிற்கிறது. இன்னும் தாங்கும்.

மிஷின் ஆசை மாமாவை விட்டுப் போகவில்லை. இப்போது பக்கத்துத் தோட்டக்காரர்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு மூன்று குடும்பமாகப் போடலாமா என்று கேட்கிறார். முதலீடு ஆளுக்கு 4 லட்சம், மூன்று தோட்டத்துக் கேரட்டும் அங்கேயே வரும் என்பதால் மூட்டை எண்ணிக்கைக்கு ஒரு அடித்தளம் இருக்கும். இரவில் நிற்கிறவர் யாராக இருந்தாலும் கூலி எடுத்துக்கொள்வது என்று பேசியிருக்கிறார்கள். நான் புதுத் தாளில் வருஷங்களைக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். பிப்ரவரியிலிருந்து மே வரை ஓடையில் தண்ணீர் குறைந்தால் எத்தனை வாரம் மிஷின் நிற்கும் என்பது தெரிந்தால்தான் முதல் வரியை நிரப்ப முடியும். அதைக் கேட்டு வர மாமா போயிருக்கிறார்.